இரண்டு இலக்கங்கள் தந்த வேலை

தொழில்நுட்பத் துறையில் எத்திறன் உடையோர்க்கு எப்பொழுது தேவை மிகும் என்று முன்கூட்டிச் சொல்லுதல் எளிதன்று. இதனை விளக்கும் வரலாறு ஒன்றைக் காண்போம்.

1960களில் கணினியின் நினைவகம் மிகுந்த விலையுடையதாக இருந்தது. ஆதலால் நிரலாளர் ஆண்டினை இரண்டே இலக்கங்களில் குறித்தனர். 1967 என்பது 67 ஆயிற்று. இச்சிக்கனம் பல்லாண்டுகள் பயன் தந்தது. 2000ஆம் ஆண்டு நெருங்கியபொழுதோ அச்சம் எழுந்தது. 00 என்பதைக் கணினி 1900 என்று கொண்டால், 1940இல் பிறந்தவரின் அகவை என்னாகும்? அவர் பிறக்க இன்னும் 40 ஆண்டுகள் உள்ளன என்றன்றோ கணக்கு வரும்! வங்கி வட்டியும் காப்பீட்டுத் தொகையும் இவ்வாறே பிழைபடும்.

பழைய நிரல்களுள் மிகப் பல ‘கோபால்’ என்பதில் எழுதப்பட்டவை. இஃது ஆளின் பெயரன்று. வணிகக் கணக்குகளுக்கென 1959இல் உருவாக்கத் தொடங்கப்பெற்ற கணினி மொழி. அந்நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்த வேண்டியிருந்தது. மேலை நாடுகளில் அதற்குப் போதிய ஆட்கள் இல்லை. பொறியியல் பயின்று ஆங்கிலமும் அறிந்த இளைஞர் மிகுந்திருந்த இந்தியாவை அப்பணி நாடி வந்தது. இங்கு ஊதியம் குறைவு என்பதும் ஒரு காரணமே. பெங்களூரு, சென்னை, ஐதராபாத் முதலிய நகரங்களில் பலர் அம்மொழியைக் கற்று வேலை பெற்றனர். சிலர் கடல் கடந்தும் சென்றனர்.

2000 ஜனவரி 1 பெருங்கேடின்றி விடிந்தது. திருத்தும் பணி முடிந்தது. அதற்கான ஆள் தேவையும் குறைந்தது. பலர் வேறு திறனைத் தேட வேண்டியதாயிற்று. திருத்தும்பொழுதே வங்கியும் காப்பீடும் இயங்கும் முறையை உணர்ந்துகொண்டோர்க்கு, அவ்வறிவு அடுத்த பணிக்கும் துணை நின்றது. இந்திய நிறுவனங்களும் அப்பணியால் பெற்ற நம்பிக்கையைக்கொண்டே புதிய பணிகளைப் பெற்றன.

வரலாறு அத்துடன் முடியவில்லை. 2020 ஏப்ரலில், கொரோனா தொற்றால் வேலையிழந்தோர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உதவித்தொகை கோரிப் பெருந்திரளாக விண்ணப்பித்தனர். அரசின் பழைய கணினி அமைப்பு திணறியது. கோபால் அறிந்தோர் உதவ முன்வர வேண்டும் என்று அம்மாநில ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டார். பழையதென ஒதுக்கப்பட்ட திறனுக்கு, 20 ஆண்டுகள் கழித்து மீண்டும் அழைப்பு வந்தது!

இன்று செயற்கை நுண்ணறிவும் நிரல் எழுதுகிறது. நாளை எக்கருவி வரும் என்பதை நாம் அறியோம். ஆயினும், கருவியைக் கையாளும் பயிற்சியோடு, அஃது எப்பணிக்காக இயங்குகிறது என்பதையும் சேர்த்துக் கற்றவர் புதிய கருவியையும் விரைவில் கைக்கொள்வர்.

சொற்பொருள்
அகவை – வயது
நிரல் – கணினிக்குத் தரும் கட்டளைத் தொகுப்பு
மேலை நாடுகள் – ஐரோப்பா, அமெரிக்கா முதலியன
கைக்கொள்ளுதல் – தனதாக்கிப் பயன்படுத்துதல்

பயிற்சி
1. ஆண்டினை இரண்டு இலக்கங்களில் குறித்ததன் காரணம் யாது?
2. திருத்தும் பணி இந்தியாவுக்கு வந்தமைக்குரிய காரணங்களை எழுதுக.
3. வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர்தம் தொழிலில் மறைந்த கருவி ஒன்றையும் புதிதாக வந்த கருவி ஒன்றையும் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.