கெடாய்க்குள் ஒரு கடை

இன்றைய பாடத்துக்கு நோட்டுப் புத்தகம் வேண்டாம். பக்கத்து மினி மார்க்கெட் வரைக்கும் மனசுக்குள்ளேயே ஒரு நடை போய்விட்டு வந்தால் போதும்.

வாசலில் 'கெடாய்' என்று பலகை. உள்ளே 'பெத்தி ஐஸ்', அதாவது குளிர்பதனப் பெட்டி. இரண்டு வாங்கினால் ஒன்று 'பெர்ச்சூமா' என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாள். மூன்றும் மலாய்ச் சொற்கள் என்றுதான் பள்ளியில் படித்தோம். அது சரிதான். ஆனால் கெடாய் நம்முடைய கடை. பெத்தி நம்முடைய பெட்டி. பெர்ச்சூமாவுக்குள் இருக்கிற 'சூமா' நாம் ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற சும்மாதான். "சும்மா குடுத்தான்" என்கிறோமே, அந்தச் சும்மா.

ஒரு சொல் மொழி மாறும்போது தன் இஷ்டத்துக்கு மாறுவதில்லை. அதற்கும் ஒழுங்கு உண்டு. தமிழில் இரட்டிக்கும் ஒலி மலாயில் ஒற்றையாகிவிடும். கப்பல் 'காப்பால்' ஆனது, கட்டில் 'காத்தில்' ஆனது அப்படித்தான். ழகரம் லகரமாகும், தோழன் 'தோலான்' ஆவான். சொல்லின் கடைசியில் வரும் ஐ மட்டும் அப்படியே நிற்கும்: கடை - கெடாய், மீசை - மீசாய், திரை - திராய், வகை - பாகாய்.

இந்த ஐ-யைக் கொஞ்சம் கவனியுங்கள். நாம் பேசும்போது "கடைக்குப் போறேன்" என்பதைக் "கடக்கிப் போறேன்" என்கிறோம். மீசை நம் வாயில் 'மீச'. மலாய்க்காரரோ கெடாய், மீசாய் என்று முழுசாகச் சொல்கிறார். நாம் பேச்சில் தொலைத்த ஓர் ஒலியை அவர் நாக்கு பத்திரமாக வைத்திருக்கிறது. (இதை வைத்து உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் வம்பு வளர்க்க வேண்டாம்!)

எனக்கு மிகவும் பிடித்தது மாம்பழத்தின் கதை. மலாயில் அதற்கு இரண்டு பெயர்கள். ஒன்று 'மங்கா', இன்னொன்று 'மெம்பெலாம்'. கெடா, பெர்லிஸ் பக்கம் போனால் அதையும் சுருக்கி 'பெலாம்' என்பார்கள். மங்கா என்பது மாங்காய். மெம்பெலாம் என்பது மாம்பழம். காயும் பழமும் தனித்தனியாகக் கப்பலேறி வந்து, இங்கே ஒரே பழத்துக்கு இரண்டு பெயராக உட்கார்ந்துவிட்டன. பழுத்து மணக்கிற பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு மங்கா என்று சொன்னால், சொல்லின் வேரைப் பார்த்தால் அது இன்னும் காய்தான். ஆங்கிலத்தில் 'மேங்கோ' என்கிறவர்களும் காயைத்தான் சொல்கிறார்கள். போர்த்துகீசியர் வாய்வழியாக ஐரோப்பாவுக்குப் போனது அந்தச் சொல்தான்.

கல்யாணத்திலும் ஒரு வேடிக்கை உண்டு. மாப்பிள்ளை மலாயில் 'மெம்பெலாய்' ஆனார். ஆனால் அங்கே அந்தச் சொல் மணமக்கள் இருவருக்குமே பொது. 'மெம்பெலாய் பெரெம்புவான்' என்றால் மணப்பெண். தமிழில் அதை அப்படியே சொல்லிப் பாருங்கள்: பெண் மாப்பிள்ளை!

வடசொற்களில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. 'பஹாசா', 'குரு' போன்றவற்றில் தமிழின் சாயல் இல்லை. ஆனால் சில வடசொற்கள் தமிழ்நாட்டு வாசல் வழியாக வந்தன. அவற்றின் வாலில் 'அம்' ஒட்டியிருக்கும். மாணிக்ய என்ற வடசொல் தமிழில் மாணிக்கமாகி, மலாயில் 'மானிக்காம்' ஆனது. லோஹ என்பது உலோகமாகி 'லோகாம்' ஆனது. மலாய்ச் செய்யுள் வகையான 'குரிண்டாம்' என்பதும் கிரந்தம் என்ற சொல்லின் வழி வந்ததே. ராஜா அலி ஹாஜி தம் புகழ்பெற்ற குரிண்டாம் நூலைப் பெஞ்ஞெங்காட் தீவில் எழுதி முடித்தது 1847-ல். ரப்பர் கன்றுகள் சிங்கப்பூர் வந்து இறங்கியது 1877-ல்.

இந்த இரண்டு ஆண்டுகளையும் வேண்டுமென்றேதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். "நாம எல்லாம் பால்மரம் சீவ வந்தவங்கதானே?" என்று நம் பிள்ளைகளே கேட்கிறார்கள். நம்மில் பெரும்பாலானோரின் குடும்பக் கதை அதுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் தமிழின் கதை அங்கே தொடங்கவில்லை. மலாய்க்குள் போன சொற்களை வரிசையாகப் பாருங்கள்: கடை, கப்பல், பெட்டி, முதல். ஆமாம், வியாபாரத்தில் போடும் முதல்தான் மலாயில் 'மொடால்'. இவை தோட்டத்துச் சொற்களா? துறைமுகத்தில், கணக்குப்பிள்ளையின் பக்கத்தில் புழங்குகிற சொற்கள்.

'மூத்து' என்ற மலாய்ச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதற்குத் தரம் என்று பொருள், தொலைக்காட்சி விளம்பரம்வரை வருகிறது. முன்பு அது தங்கத்தின் தரத்தை மட்டும் குறித்தது. "பத்தரை மாற்றுத் தங்கம்" என்கிறோமே, அந்த மாற்றுதான் மூத்து. தென் தாய்லாந்தில் குவான் லுக் பாட் என்னும் இடத்தில் ஒரு சிறிய உரைகல் கிடைத்திருக்கிறது. அதில் பழைய தமிழ் எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பெரும்பதன் என்ற பொற்கொல்லரின் கல் என்று அறிஞர்கள் படிக்கிறார்கள். காலம் கி.பி. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. மூத்து என்ற சொல் அன்றே மலாயில் புகுந்தது என்று நான் சொல்ல வரவில்லை. தங்கத்தை உரசிப் பார்த்த தமிழர் ஒருவரின் கல் இந்தத் தீபகற்பத்தில் கிடந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதே கரையில் தக்குவா பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. குளம் ஒன்று தோண்டி, அவனிநாரணம் என்று பெயரிட்டு, மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவின் பாதுகாப்பில் விட்ட செய்தி அதில் இருக்கிறது. கல்வெட்டில் 'குளம்' என்ற சொல்லே வெட்டப்பட்டிருக்கிறது. மலாயில் குளத்துக்கு என்ன பெயர்? 'கோலாம்'. நீச்சல் குளம் 'கோலாம் ரெனாங்'. வாசலில் போடும் கோலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

சம்பந்தமில்லை என்றதும் ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் "உலகமே தமிழிலிருந்து வந்தது" என்று ஒரு பட்டியல் சுற்றும். நல்ல எண்ணத்தில் அனுப்புகிறார்கள், ஆனால் சரிபார்ப்பதில்லை. மலாயில் 'துவாலா', தமிழில் துவாலை. ஐ-யில் முடிகிறது, பார்த்தால் அசல் தமிழ் மாதிரியே இருக்கிறது. ஆனால் இரண்டுமே போர்த்துகீசியச் சொல்லின் பிள்ளைகள். அலமாரியும் அப்படியே. மலாய் 'அல்மாரி' நம்மிடம் கடன் வாங்கவில்லை, நாமும் அவர்களிடம் வாங்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் ஒரே வியாபாரி விற்றுவிட்டுப் போனான். பொய்யான ஒன்றைப் பட்டியலில் சேர்த்தால், உண்மையான ஒன்பதையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம் கையில் உரைகல்லே இருக்கும்போது நமக்கு அந்த வேலை எதற்கு?

கடைசியாக நமக்கு நெருக்கமான ஒரு சொல். நம் ஆலயத்தின் பெயர்ப்பலகையில் மலாயில் 'கூயில்' என்று எழுதியிருக்கும். கோயில் என்பதுதான் அது. பூஜாங் பள்ளத்தாக்கில் இருக்கும் பழைய இடிபாடுகளுக்கு மட்டும் 'சண்டி' என்பார்கள். மணியடித்துப் பூசை நடக்கிற இடத்துக்குத் தமிழ்ச் சொல்லே நின்றுவிட்டது.

அடுத்த வகுப்புக்கு ஒரு வேலை. மலாய்ச் செய்தித்தாள் ஒன்றை எடுத்து, தமிழ் என்று உங்களுக்குத் தோன்றும் ஐந்து சொற்களைக் குறித்துக்கொண்டு வாருங்கள். பிறகு வில்கின்சன் தொகுத்து 1901 முதல் வெளிவந்த மலாய் - ஆங்கில அகராதியில் அவற்றைத் தேடுவோம், அவர் சொற்களின் பிறப்பிடத்தைக் குறித்திருக்கிறார். ஐ-யில் முடிகிறது என்பதற்காக 'சுங்காய்', 'பந்தாய்' இரண்டையும் கொண்டு வராதீர்கள். ஆறும் கடற்கரையும் அவர்களுடையவைதான்.