பிள்ளை பள்ளிக்கூடம் போக இழுக்குதா? தெருவும் பள்ளியும் சேர்ந்தா திருப்பிடலாம்! அக்கா சொல்லும் 9 டிப்ஸ்

தங்கச்சிகளா, ஜூன் மாசம் புதுப் பையும் அட்டை போட்ட நோட்டுமா துள்ளிக்கிட்டுக் கிளம்பின பிள்ளை, ஆடி பிறக்கிறதுக்குள்ள "வயிறு வலிக்குது", "இன்னிக்குப் பாடமே நடத்த மாட்டாங்க"ன்னு இழுக்க ஆரம்பிச்சா நாம என்ன செய்யறோம்? ஒரு அதட்டல், முதுகுல ரெண்டு அடி, அப்புறம் டியூஷன் மாத்தறது. இதுல எதுவும் பிள்ளைக்குப் படிப்பு மேல பிடிப்பைக் கொண்டு வராது.

ஸ்ரீரங்கத்துல எங்க வீட்டுக்குப் பக்கத்து அரசுப் பள்ளியோட மேலாண்மைக் குழுவுல நான் இருக்கேன். அங்க உட்கார்ந்து பார்த்ததுல உறுதியா சொல்றேன்: எந்தப் பிள்ளையும் ஒரே நாள்ல படிப்பை விடறதில்ல. முதல்ல எப்பவாவது ஒரு நாள், அப்புறம் வாரத்துக்கு ஒரு நாள்னு நழுவுது. "வீட்டுல ஏதோ விசேஷம் போல"ன்னு பள்ளிக்கூடத்துல நினைக்கிறாங்க. "பள்ளிக்கூடத்துக்குத்தானே போயிருக்கான்"னு வீட்டுல நினைக்கிறாங்க. தெருவுல பார்க்கிறவங்க "நமக்கெதுக்கு வம்பு"ன்னு போயிடறாங்க. இந்த மூணு தரப்பும் சீக்கிரமே பேசிக்கிட்டா பிள்ளையைத் திருப்பிடலாம். தாமதமானா ரொம்பக் கஷ்டம்.

ஊரும் பள்ளியும் சேர்றது நமக்குப் புதுசு இல்ல. காமராஜர் காலத்துல, நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறையை நடத்தினப்போ, 1958-லேர்ந்து நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள்ல ஊர் மக்களே பெஞ்சு, கரும்பலகை, கட்டடம்னு கொடுத்தாங்க. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ல சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினது நம்ம திருச்சி பாப்பாக்குறிச்சியில. அறிவியலையும் கணக்கையும் கையால செய்து பார்த்துக் கத்துக்கிற வானவில் மன்றம் 2022 நவம்பர்ல தொடங்கினதும் அதே பாப்பாக்குறிச்சி பக்கத்துப் பள்ளியிலதான். அரசு சோறு போடும், சோதனைப் பெட்டியும் அனுப்பும். பிள்ளை தினமும் அங்க இருக்கிறதைப் பார்த்துக்கிறது நம்ம பொறுப்பு. அதுக்குத்தான் இந்த டிப்ஸ்.

1. மாசத்துக்கு ரெண்டு நாள்னாலே கவனிங்க

அடுப்படி காலண்டர்ல பிள்ளை லீவு போட்ட நாளை எல்லாம் வட்டம் போடுங்க. காய்ச்சல், கல்யாணம், மட்டம் போட்டது எல்லாமே கணக்குதான். அமெரிக்காவுல பள்ளி நாட்கள்ல 10 சதவீதம் வரலைன்னாலே அந்தப் பிள்ளையைத் தனியா கவனிக்கணும்னு வச்சிருக்காங்க. நம்ம ஊர் வேலை நாளுக்குக் கணக்குப் போட்டா அது மாசத்துக்கு ரெண்டு நாள்தான்!

மாசக் கடைசியில வட்டங்களைச் சேர்த்துப் பாருங்க. எப்பவும் திங்கட்கிழமையா? கணக்கு டெஸ்ட் இருக்கிற நாளா? முகூர்த்த நாளா? பிள்ளை வாய் திறந்து சொல்லாத காரணத்தை அந்த வட்டங்கள் சொல்லிடும். நம்ம ஊர்ல மார்கழியில பகல்பத்து, ராப்பத்து, அரையாண்டு லீவு, பொங்கல்னு வரிசையா வரும். பொங்கல் முடிஞ்சு பள்ளி திறந்த முதல் வாரம் யார் வரலைன்னு கண்டிப்பா பாருங்க.

2. "ஏன் போகல?"ன்னு கேட்காதீங்க

அப்படிக் கேட்டா பொய்தான் பதிலா வரும். "எந்த பீரியட் முடியவே மாட்டேங்குது?", "மத்தியானம் யார் கூடச் சாப்பிடற?", "பின் பெஞ்சுலேர்ந்து போர்டு தெரியுதா?"ன்னு கேளுங்க. கண்ணாடி தேவைப்படறது, யாரோ பட்டப்பேர் வச்சுக் கூப்பிடறது, சாதியைச் சொல்லிச் சீண்டறது எல்லாம் இப்படித்தான் வெளியில வரும்.

அப்புறம், தமிழ்ப் புத்தகத்துல அஞ்சு வரி வாசிக்கச் சொல்லுங்க. ஏழாவது படிக்கிற ஒரு பையன். நோட்டைப் பார்த்தா கையெழுத்து முத்து முத்தா இருக்கு. போர்டுல இருக்கிறதை அப்படியே எழுதிடறான். புத்தகத்தை நீட்டினா விரலை முதல் வார்த்தையிலயே வச்சுக்கிட்டு நிக்கிறான். எட்டாவது வரைக்கும் ஃபெயில் போடறதில்லைங்கிறதால இவங்களும் ஒன்பதாவதுக்கு வந்துடுவாங்க. அங்க ஒண்ணும் புரியாம, அவமானம் தாங்காம நின்னுடறாங்க. இவங்களைத் திட்டாதீங்க. ராத்திரி பதினைஞ்சு நிமிஷம் பக்கத்துல உட்கார்ந்து வாசிக்க வைங்க. கிளாஸ் டீச்சர்கிட்ட ரகசியமா சொல்லி வைங்க.

3. முதல் போன் உங்களோடதா இருக்கட்டும்

பள்ளியிலேர்ந்து புகார் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. "டீச்சர், இவன் இந்த மாசம் மூணு நாள் வரல. ரெண்டு நாள் காய்ச்சல், ஒரு நாள் அவனாவே நின்னுட்டான். வகுப்புல எப்படி இருக்கான்?" இவ்வளவு போதும். குறை சொல்ற மாதிரி ஆரம்பிச்சா பேச்சு அங்கேயே நின்னுடும்.

கூடவே பிள்ளைக்கு ஒரு சின்னப் பொறுப்பு கேளுங்க. வானவில் மன்றத்துல சாமான் எடுத்து வைக்கிறது, கலைத் திருவிழாவுல பறை அடிக்கிறது, பிள்ளைகளைக் குழுக்களாப் பிரிக்கிற மகிழ் முற்றத்துல ஒரு வேலை. தன்னை எதிர்பார்த்து அங்க ஒரு வேலை காத்திருக்குன்னு தெரிஞ்சா பிள்ளை கிளம்பும்.

4. மேலாண்மைக் குழுவைப் பேருக்கு விடாதீங்க

2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவுல நாலுல மூணு பங்கு பெற்றோர்தான். பாதிப் பேர் பெண்களா இருக்கணும். தமிழ்நாட்டுல 2022-ல இந்தக் குழுக்களைப் புதுசா அமைச்சாங்க. 2024-ல முன்னாள் மாணவர்களையும் சேர்த்தாங்க. வார்டு கவுன்சிலரும் இதுல வருவார். ஆக, தெருவும் பள்ளியும் ஒரே பெஞ்சுல உட்கார்ற இடம் சட்டப்படியே நமக்கு இருக்கு.

பெயிண்ட், குழாய், காம்பவுண்ட் சுவர்னு பேசியே கூட்டம் முடிஞ்சிடக் கூடாது. முதல் இருபது நிமிஷத்தை வராத பிள்ளைங்களுக்குன்னு கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு வகுப்பிலும் அதிக நாள் வராதவங்க பேரை ஹெச்.எம். சொல்லட்டும். அந்த வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிற உறுப்பினர் யாரு, எந்த நாள் போய்ப் பார்க்கப் போறாங்கன்னு அங்கேயே எழுதிடுங்க. அடுத்த கூட்டத்துல முதல் கேள்வி, "போனீங்களா, என்ன ஆச்சு?"

வீட்டுக்குப் போறதுலயும் ஒரு முறை இருக்கு. ரெண்டு பேர் போங்க, ஒருத்தர் அந்தத் தெருக்காரரா இருக்கட்டும். வேலை முடிஞ்சு அம்மா வீடு திரும்பின பிறகு போங்க. வாசல்ல நின்னு அக்கம்பக்கம் கேட்கற மாதிரிப் பேசாதீங்க. நோட்டும் பேனாவும் வேண்டாம். முதல்ல குடும்பம் எப்படி இருக்குன்னு கேளுங்க, பிள்ளை பேச்சு தானா வரும். கூட்டத்துல கேட்ட பேரைக் கடைத்தெருவுல சொல்லவே கூடாது.

5. பிள்ளையை இழுக்கிற வேலை எதுன்னு பாருங்க

சாத்தார வீதி பூ மார்க்கெட்டுல விடியறதுக்கு முன்னாடியே வேலை தொடங்கிடும். அங்க மூட்டை இறக்கிட்டு வர்ற பையன் முதல் பீரியட்லயே தலையைச் சாய்ச்சுடுவான். காந்தி மார்க்கெட், கல்யாணப் பந்தி பரிமாறுறது, வாழைத்தார் ஏத்தறதுன்னு கையில காசு கிடைக்கிற இடங்கள் நிறைய. ஒரு காலத்துல திருச்சியில செயற்கை வைரக்கல் பட்டை தீட்டற பட்டறைகள் எத்தனையோ பிள்ளைகளோட படிப்பைத் தின்னுச்சு.

14 வயசுக்குக் கீழ வேலைக்கு வைக்கிறது சட்டப்படி குற்றம். 18 வரைக்கும் ஆபத்தான தொழில்ல வைக்கக் கூடாது. முதல்ல முதலாளிகிட்ட நயமா, ஊர்ப் பெரியவங்களோட போய்ப் பேசுங்க. கேட்கலைன்னா குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்க. அதோட நிறுத்திடாதீங்க. அந்தக் காசு நின்னா அந்த வீடு எப்படி ஓடும்னும் யோசிங்க. மகளிர் குழுக் கடன், மகளிர் உரிமைத்தொகை, விதவை உதவித்தொகைன்னு எது கிடைக்கும்னு கூடவே போய் எழுதிக் கொடுங்க.

6. சாயங்காலத்துக்கு ஒரு இடம் கொடுங்க

கொரோனாவுக்கு அப்புறம் 2021 அக்டோபர்ல இல்லம் தேடிக் கல்வி வந்தப்போ, முதல்ல ஆரம்பிச்ச 12 மாவட்டங்கள்ல திருச்சியும் ஒண்ணு. தெருவுல படிச்ச பொண்ணுங்களே தன்னார்வலரா வந்து சாயங்காலம் 5 மணியிலேர்ந்து 7 வரைக்கும் திண்ணையிலயும் மாடியிலயும் சொல்லிக் கொடுத்தாங்க. அந்தப் பழக்கத்தை விட்டுடாதீங்க.

ஸ்ரீரங்கத்துல ரிட்டயர்டு ஆசிரியர்களுக்கும், பெல், ரயில்வேயில இருந்து ஓய்வு பெற்றவங்களுக்கும் குறைச்சலே இல்ல. பல பேரோட பிள்ளைங்க வெளிநாட்டுல. "மாமா, வாரத்துக்கு ரெண்டு நாள் பிள்ளைகளுக்குக் கதை வாசிச்சுக் காட்டறீங்களா?"ன்னு கேட்டுப் பாருங்க, சந்தோஷமா வருவாங்க. கதவு திறந்தே இருக்கணும், எப்பவும் பெரியவங்க ரெண்டு பேர் இருக்கணும். திரும்பவும் வாய்ப்பாடு ஒப்பிக்கிற இடமா மட்டும் அதை ஆக்கிடாதீங்க.

7. பொண்ணுங்க விஷயத்துல கூடுதல் கவனம்

பெரியவளான பிறகு மாசத்துல மூணு நாள் பொண்ணு வரலைன்னா, முதல்ல பள்ளிக் கழிப்பறையைப் போய்ப் பாருங்க. தாழ்ப்பாள் இருக்கா, தண்ணீர் வருதா, நாப்கின் போட மூடி போட்ட தொட்டி இருக்கா? மேலாண்மைக் குழுவுல இதைச் சொல்ல வெட்கப்படாதீங்க. 18-க்கு முன்னாடி கல்யாணப் பேச்சு காதுல விழுந்தா உடனே 1098.

அரசுப் பள்ளியில ஆறாவதுலேர்ந்து பன்னிரண்டாவது வரைக்கும் படிச்ச பொண்ணு மேல படிச்சா, புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும். பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன். இதை எட்டாவது படிக்கும்போதே வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க.

8. ஆத்தங்கரையில ஒரு கண் வைங்க

மேட்டூர் அணையை வழக்கமா ஜூன் 12-ல திறப்பாங்க. பள்ளி திறக்கிற மாசமும் அதுதான். மட்டம் போடற பையன்கள் போற இடம் கொள்ளிடக் கரையும் காவிரிப் படித்துறையும். படிப்பு மட்டுமில்ல, உயிரும் சேர்ந்த விஷயம் இது. அம்மா மண்டபம் பக்கத்து டீக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மார்கிட்ட பள்ளி நம்பரைக் கொடுத்து வைங்க. யூனிஃபார்ம்ல பிள்ளையைப் பார்த்தா ஒரு போன் போதும். அடிக்கக் கூடாது, செல்போன்ல வீடியோ எடுக்கக் கூடாதுன்னும் சொல்லி வைங்க.

9. நின்னுட்டாலும் கதவு மூடலை

14 வயசு வரைக்கும் படிப்பை விட்ட பிள்ளையை வயசுக்கு ஏத்த வகுப்புல சேர்த்து, தனிப் பயிற்சியும் கொடுக்கணும்னு கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. டி.சி. வரத் தாமதம்னு எட்டாவது வரைக்கும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகள் சேர்க்கையைத் தள்ளிப் போட முடியாது. பத்தாவது ஃபெயிலான பிள்ளை வீட்டுக்கு ரிசல்ட் வந்த அன்னிக்கே போங்க. துணைத் தேர்வுக்கு உடனே பணம் கட்ட வைங்க, அந்த வருஷமே பதினொண்ணு சேர்ந்துடலாம். கைத்தொழில்ல ஆசைன்னா திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ. இருக்கு. பத்தாவது பாஸுக்குத் துவாக்குடியிலயும் சேதுராப்பட்டியிலயும் அரசு பாலிடெக்னிக் இருக்கு. வழி தெரியலைன்னா 14417-க்குக் கூப்பிடுங்க, பள்ளிக் கல்வித் துறையோட உதவி எண் அது.

தங்கச்சிகளா, எல்லாத்தையும் ஒரே நாள்ல செய்ய வேண்டாம். இந்த வாரம் காலண்டர்ல வட்டம் போடுங்க, கிளாஸ் டீச்சர் நம்பரை வாங்குங்க, அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டம் எப்போன்னு ஹெச்.எம்.கிட்ட கேளுங்க. உங்க பிள்ளை ஒழுங்கா போகுதுன்னா, கூட உட்கார்ந்திருந்த பிள்ளை இப்பல்லாம் ஏன் வர்றதில்லைன்னு அதுகிட்டயே விசாரிங்க. தெருவுல எந்தப் பிள்ளை நின்னாலும் அது நம்ம வீட்டுக் கவலைதான். கூச்சப்படாம நீங்களே முதல்ல போய்ப் பேசுங்க.