வெற்றிடத்தில் அமரும் பிராணவாயு

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே கடல். அங்கே மல்லிப்பட்டினத்திலும் அதிராம்பட்டினத்திலும் பிடிபடும் மீன் கெடாமல் வெளியூர் செல்ல வேண்டுமாயின் பனிக்கட்டி இன்றியமையாதது. பெரிய பனிக்கட்டித் தொழிற்சாலைகளில் நீரை உறையச் செய்ய அம்மோனியா பயன்படுவது வழக்கம். குழாய் வெடித்து அவ்வாயு வெளிப்பட்டால் கண்ணும் மூச்சுக்குழலும் எரியும். மிகுந்தால் உயிருக்கே இறுதி. அதன் நெடியை மூக்கு எளிதில் அறியும். ஆயினும் நள்ளிரவில், ஆளில்லா அறையில், எவர் மூக்குக் காவல் இருக்கும்?

அக்காவலை ஏற்கவல்லது துத்தநாக ஆக்சைடு. புண்ணுக்கு இடும் களிம்புகளில் சேரும் அதே வெண்பொடிதான்! துத்தநாக அணுக்களும் பிராணவாயு அணுக்களும் அதில், கயிறு பிடித்து நட்ட நாற்றுப்போல, வரிசை பிறழாது நிற்கின்றன. எனினும் எந்த நடவிலும் நாற்று விட்டுப்போன இடம் சில இருக்குமன்றோ? இங்கும் மேற்பரப்பில் பிராணவாயு அணு இல்லாத வெற்றிடங்கள் உண்டு. நீங்கிய அணுவுக்குரிய எலக்ட்ரான்கள் அங்கே எஞ்சி நிற்கின்றன.

காற்றிலுள்ள பிராணவாயு மூலக்கூறு அத்தகைய இடத்தை அடைந்ததும் ஓர் எலக்ட்ரானைக் கவர்ந்து ஒட்டிக்கொள்கிறது. சூடு மிகுந்தால் இரண்டு அணுக்களாகப் பிரிந்தும் அமர்கிறது. எலக்ட்ரான்கள் பறிபோனமையால் ஆக்சைடில் மின்சாரம் தயங்கி ஓடுகிறது. அந்நிலையில் அம்மோனியா வந்தால், ஒட்டியிருந்த பிராணவாயு அதனோடு கூடிவிடுகிறது. நைட்ரஜனும் நீராவியும் உண்டாகின்றன. பறிபோன எலக்ட்ரான்கள் திரும்பவே, மின்னோட்டம் உயர்கிறது. அந்த ஏற்றமே மணியை ஒலிக்கச் செய்கிறது. வாயு அகன்றபின் பிராணவாயு மீண்டும் தன் இடத்தைப் பற்றுகிறது.

துத்தநாக ஆக்சைட்டின் மெல்லிய படலம் வாயுக்களை உணரும் என்பதை 1962ஆம் ஆண்டில் ஜப்பானிய அறிஞர் செய்யாமாவும் அவர்தம் துணைவரும் வெளியிட்டனர். அந்நாட்டவரான தாகுச்சி வெள்ளீய ஆக்சைடைக் கையாண்டார். அடுக்களை எரிவாயுக் கசிவை அறிவிக்கும் கருவிகள் பல அவ்வழியில் வந்தவை. தஞ்சைச் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்திலும் துத்தநாக ஆக்சைடுப் படலங்களைக்கொண்டு அம்மோனியாவை உணரும் ஆய்வுகள் நடந்துள்ளன.

வெற்றிடம் இல்லையேல் இக்கருவி மந்தமாகும். ஆனால் கடற்கரையில் வேறொரு தொல்லை உண்டு. ஐப்பசிக் காற்றில் மிகுந்துள்ள நீராவியும் அவ்விடங்களையே நாடுகிறது. பிராணவாயுவுக்கு இடம் குறைகிறது. கருவியின் கூர்மை மழுங்குகிறது. ஆதலின் படலத்தை இருநூறு, முந்நூறு பாகை வரை சூடேற்றியே பெரும்பாலும் வைக்கின்றனர்.