கல்லாவும் பாடப் புத்தகமும்

பிள்ளை ஒரு பரீட்சையில் தவறினால், "படித்தது போதும், கடைக்கு வா" என்பது நம்மில் பலருக்கு வழக்கமாகிவிட்டது. சகோதரர்களே, நம் அலோர் ஸ்டாரில் நடந்த ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் புகுந்தபோது மகாதீர் முகம்மதுக்கு வயது 16. சுல்தான் அப்துல் ஹமீது கல்லூரியில் படிப்பு நின்றது. காப்பியும் பீசாங் கோரேங்கும் விற்றார். கணக்கையும் பொறுமையையும் கடை கற்றுத்தரும் என்பதை மறுப்போமா? அதில்தானே நாமும் பிழைக்கிறோம்! ஆனால் யுத்தம் முடிந்ததும், 20 வயதில், வகுப்புக்குத் திரும்பினார். 1946 டிசம்பரில் தேறி, 1947இல் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிரதமரானது 1981இல்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த பிள்ளை புகுமுக வகுப்பில் ஓராண்டு தங்க நேர்ந்தால், கூட்டாளிகள் முந்திவிட்டார்களே என்று மனம் ஒடிந்துபோகும். அப்போது ஏசாதீர்கள். இஷாவுக்குப் பின் ஒரு மணி நேரம் புத்தகத்தோடு உட்காரட்டும். படித்ததை நமக்குச் சொல்லிக் காட்டட்டும். நமக்குப் புரியாவிட்டால்தான் என்ன? வாப்பா கேட்கிறார் என்பதே அவனுக்குத் தெம்பு. பெண்பிள்ளைக்கும் இப்படியே.

விடுமுறையில் கடைக்கு வரட்டும், கூலியும் கொடுங்கள். ஐந்தாம் படிவம் முடியும்வரை கடைச் சாவி மட்டும் நம் இடுப்பிலேயே இருக்கட்டும்.