குடோன் வேலை: 16,658 ரூபாய் ஆஃபர்ல கைக்கு வர்றது எவ்வளவு?

போன வீடியோல பே ஸ்லிப் படிக்கிறது எப்படின்னு பார்த்தோம். அதுக்கப்புறம் வேங்கிக்கால், போளூர் பக்கத்துலேர்ந்து ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் குடோன்களுக்கு வேலைக்குப் போற தம்பி தங்கைகள் கேட்டது ஒண்ணுதான்: "ஏஜென்ட் சொன்ன சம்பளம் வேற, அக்கவுன்ட்ல ஏறுறது வேற. ஏமாத்துறாங்களா?"

எல்லா நேரமும் ஏமாத்து இல்ல. கணக்கைப் பாருங்க. உதாரணத்துக்கு சிடிசி 16,658 ரூபாய்னு வச்சுக்குவோம். அதுல பேசிக், டிஏ சேர்த்து 9,000, மத்த அலவன்ஸ் 6,000. ஆக கிராஸ் 15,000. மீதி 1,658 கம்பெனி தன் பங்கா கட்டுற பிஎஃப் (1,080), அதோட நிர்வாகம், இன்ஷூரன்ஸுக்கு 90, இஎஸ்ஐ 488. இது உங்க கைக்கு வராது. அப்புறம் உங்க பங்கு பிஎஃப் 1,080, இஎஸ்ஐ 113 பிடிப்பாங்க. கைக்கு வர்றது 13,807. இதுவரைக்கும் எல்லாமே சட்டப்படிதான்.

சிக்கல் நேரத்துல இருக்கு. ஒரு நாளைக்கு 8 மணி நேரம், 26 நாள்னா 208 மணி. கிராஸை அதால வகுத்தா மணிக்கு 72 ரூபாய். "டார்கெட் முடிச்சுட்டுப் போ"ன்னு தினம் 2 மணி நேரம் கூட நிக்க வச்சா, மாசம் 52 மணி. ஓவர்டைம் இரட்டிப்புக் கூலிங்கிறது சட்டம். மொத்த 15,000-ஐயும் எடுத்துக்கிட்டா 7,500 ரூபாய், பேசிக்கும் டிஏவும் மட்டும் எடுத்தாலே 4,500. பிஎஃப் பிடிச்சதைப் பத்தி சண்டை போடுறவங்க, இந்தத் தொகையைக் கவனிக்கிறதே இல்ல.

பார்ட் டைம்காரங்களுக்கு இன்னொரு விஷயம். ஷிஃப்ட்டுக்கு வரச் சொல்லிட்டு, லோடு வரல, வீட்டுக்குப் போன்னு அனுப்பினா? நீங்க வேலை செய்யத் தயாரா இருந்து, வேலை கொடுக்காதது அவங்கன்னா, அந்த நாளோட முழுக்கூலி உங்களுக்குச் சேரணும். பழைய குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 1948-லயும் இது இருந்துச்சு, 2025 நவம்பர் 21-ல நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்புலயும் இருக்கு. பார்ட் டைம்ங்கிறதுக்காக பிஎஃப், இஎஸ்ஐ கிடையாதுன்னு யாராவது சொன்னா, அதுவும் தப்பு. காண்ட்ராக்டர் சம்பளம் தராம ஓடிட்டா, யாரோட குடோன்ல வேலை செஞ்சீங்களோ அந்தக் கம்பெனிதான் கொடுக்கணும்.

சட்டம் இருக்கு, சரி. போய்க் கேக்குறது யாரு? 2024 கோடையில மானேசர் அமேசான் குடோன்ல, ஆறு லாரி சரக்கை இறக்கி முடிக்கிற வரைக்கும் தண்ணி குடிக்கவோ டாய்லெட்டுக்கோ போக மாட்டோம்னு உறுதிமொழி எடுக்க வச்சதா செய்தி வந்துச்சு. தேசிய மனித உரிமை ஆணையம் தானாவே அதைக் கையில எடுத்துச்சு. வாரம் 5 நாள், தினம் 10 மணி நேரம், மாசம் 10,088 ரூபாய்னு அந்தச் செய்தில இருந்துச்சு. தனியா ஒருத்தர் எழுந்து "தண்ணி குடிச்சுட்டு வர்றேன்"னு சொல்ல முடியாத இடம் அது.

இப்போ அமெரிக்காவைப் பாருங்க. யுபிஎஸ் பார்சல் கம்பெனியில பார்ட் டைமா சரக்கு பிரிக்கிறவங்களோட ஆரம்பக் கூலி, 1982 ஒப்பந்தத்துல மணிக்கு 8 டாலர். 1997-ல 15 நாள் ஸ்ட்ரைக் நடந்தும் ஆரம்பக் கூலி ஏறினது 50 சென்ட்தான். 2023-ல டீம்ஸ்டர்ஸ் சங்கம் ஸ்ட்ரைக்குக்குத் தயாரானதும், ஒரு நாள்கூட வேலை நிக்காமலே 21 டாலர் ஆச்சு. புதுசா சேர்ற பையனுக்கு அது கம்பெனி தாராள மனசோட கொடுத்த மாதிரிதான் தெரியும். யார் பேசி வாங்கினதுன்னு ஆஃபர் லெட்டர்ல எழுத மாட்டாங்க.

"சங்கம்லாம் நம்ம ஊருக்கு ஒத்து வராது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு வரலாறு: இந்தியாவோட முதல் முறையான தொழிற்சங்கமே 1918-ல நம்ம சென்னையில, பி அண்ட் சி மில் தொழிலாளர்களுக்காக உருவான மெட்ராஸ் லேபர் யூனியன்தான். சமீபத்துல ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9-லேர்ந்து 37 நாள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. கோர்ட் வரைக்கும் போய், 2025 ஜனவரி 27-ல சங்கம் பதிவாச்சு. ஆனா ஒண்ணு, அது நிரந்தரத் தொழிலாளர்கள் நடத்தின போராட்டம். மாசத்துக்கு மாசம் காண்ட்ராக்டர் மாறுற குடோன்ல ஆள் சேர்க்கிறது அதைவிடக் கஷ்டம். அதை மறைக்க வேண்டாம். அந்த 37 நாள் சம்பளமும் சும்மா வரல, கையில கொஞ்சம் சேமிப்பு இல்லாதவங்களுக்கு அது பெரிய அடி.

சங்கத்துல சேர காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உரிமை இருக்கு. சேர்ந்ததுக்காக வேலையை விட்டு எடுத்தா, அது சட்டப்படி நியாயமற்ற தொழிலாளர் நடவடிக்கை. சந்தா கட்டினா ரசீது கேட்டு வாங்குங்க, சங்கத்தோட பதிவு எண்ணையும் பாருங்க.

சங்கமே இல்லாத குடோனா? தினம் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரத்தை போன்ல குறிச்சு வையுங்க. ஷிஃப்ட்டுக்குக் கூப்பிட்ட வாட்ஸ்அப் மெசேஜை அழிக்காதீங்க. கூலி பாக்கிக்கு 3 வருஷம் வரைக்கும் கேட்க முடியும். மனுவை நம்ம ஊர்னு நினைச்சு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ்ல திங்கட்கிழமை வரிசையில நின்னு கொடுத்தா சுத்திக்கிட்டுதான் போகும். குடோன் ஒரகடத்துல இருந்தா, காஞ்சிபுரம் மாவட்டத் தொழிலாளர் துறைக்கே நேரா கொடுங்க.