தற்காப்பு உரிமை: எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?



கடையைக் காக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் காக்கும் வேளையில் கை எங்கே நிற்க வேண்டும் என்பதை நம்மில் பலர் கேட்டறிந்ததில்லை. அதை அறியாததால், பொருளைப் பறிகொடுக்க இருந்தவரே குற்றவாளிக் கூண்டில் ஏற நேரிடலாம். ஆகவே இம்முறை அதனையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஓர் உதாரணம் கொள்வோம். இஷா தொழுகைக்குப் பின், ஒரு மளிகைக் கடை அடைக்கும் நேரம். முதலாளி கல்லாப் பணத்தை எண்ணிக்கொண்டிருக்கிறார். ஒருவன் உள்ளே நுழைந்து கத்தியை அவர் கழுத்துக்கு நேரே நீட்டிப் பணப்பையைக் கேட்கிறான். கடைச் சிப்பந்தி, கதவை இழுக்கும் இரும்புக் கம்பியால் அவன் கையில் ஓங்கி அடிக்கிறார். கத்தி விழுகிறது, அவனும் விழுகிறான். அண்டைக் கடைக்காரர்கள் ஓடிவந்து அவனைக் கயிற்றால் கட்டுகிறார்கள். அதன்பின் சிப்பந்தி அதே கம்பியால் மேலும் இரண்டு அடி போடுகிறார்.

கம்பியும் ஒன்றே, கையும் ஒன்றே. ஆயினும் முதல் அடி உரிமை. பின் அடிகள் குற்றம். ஏன் என்று பார்ப்போம்.

சட்டம் கூறுவது

மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. இவை 1860-ல் இந்தியாவுக்கென இயற்றிய தண்டனைச் சட்டத்தை ஒட்டியவை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகியவற்றுக்கு 1871-ல் இதே முறையில் சட்டம் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் முன்னோர், இரு கரையிலும் ஏறக்குறைய ஒரே சட்டத்தின் கீழ் வியாபாரம் செய்தவர்களாவர்.

1. யாரைக் காக்கலாம்? தன் உடலையும் பிறர் உடலையும் காக்கலாம். திருட்டு, கொள்ளை, நாசவேலை, அத்துமீறி நுழைதல் ஆகியவற்றினின்று தன் பொருளையும் பிறர் பொருளையும் காக்கலாம் (பிரிவு 97). ஆதலால் முதலாளிக்காகச் சிப்பந்தி கை ஓங்கியது தவறன்று.

2. எப்போது தொடங்கும்? வெட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் எழுந்த உடனே உரிமை பிறக்கிறது. அவ்வச்சம் நீடிக்கும்வரை அதுவும் நீடிக்கிறது (பிரிவு 102).

3. எவ்வளவு செய்யலாம்? காப்பதற்குத் தேவையான அளவே; அதற்கு மேல் இல்லை. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இவ்வுரிமையே கிடையாது (பிரிவு 99). “நாளை வருவேன், காப்புப் பணம் எடுத்து வை” என்று மிரட்டிச் சென்ற குண்டரைத் தேடிப்போய் அடிப்பது தற்காப்பு ஆகாது. அன்றே போலீசில் புகார் செய்வதுதான் வழி.

4. உயிர் போனால்? கொலை அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், கொள்ளை, இரவில் வீடு உடைத்தல் போன்ற சில கடுமையான நிலைகளில் மட்டும், எதிரியின் உயிர் போகும் அளவுக்கும் உரிமை நீள்கிறது (பிரிவுகள் 100, 103). அங்கும் மேற்கூறிய எல்லைகள் உண்டு. ஒரு பால்மாவு டின்னைச் சட்டைக்குள் மறைத்து ஓடுபவனுக்கு இது பொருந்தாது.

5. எப்போது முடியும்? ஆபத்து நீங்கியதும் முடியும். கத்தி விழுந்து, அவன் கட்டப்பட்டு, பணம் கல்லாவிலேயே இருக்கும்போது காப்பதற்கு என்ன மிச்சம்? கோபம் ஒன்றே மிச்சம். கோபத்திற்குச் சட்டம் உரிமை தரவில்லை. வேண்டுமென்றே காயம் விளைவித்தால் பிரிவு 323-ன்படி ஓராண்டு வரை சிறை, அல்லது 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். இரும்புக் கம்பி போன்ற ஆயுதத்தால் அடித்தால் தண்டனை இன்னும் கடுமை.

பிடித்தபின் செய்ய வேண்டியது

திருட்டு, கொள்ளை போன்ற குற்றம் தம் கண்முன் நடக்கக் கண்டவர், செய்தவனைப் பிடித்து வைக்கலாம். ஆனால் வீண் தாமதமின்றிப் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும் (குற்றவியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 27). உடனே 999-ஐ அழையுங்கள். கத்தியைத் தொடாதீர்கள், இரத்தத்தைக் கழுவாதீர்கள், கண்காணிப்புக் கேமராவின் பதிவை அழியாமல் வையுங்கள். தற்காப்புக்காகவே செய்தேன் என்பதை நிலைநாட்டும் பொறுப்பு, 1950-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 105-ஆம் பிரிவின்படி, அப்படிச் சொல்பவர்மீதே விழுகிறது. சாட்சியில்லாத உண்மை கோர்ட்டில் ஊமையாகிவிடும்.

இன்னொன்று. பாதுகாப்புக்கென்று இடுப்பில் கத்தி செருகித் தெருவில் நடப்பது, 1958-ஆம் ஆண்டு அரிப்புப் பொருள், வெடிபொருள், தாக்குதல் ஆயுதங்கள் சட்டப்படி நம்மையே குற்றவாளியாக்கும்.

அன்றாட எச்சரிக்கை

கடை அடைக்கும்போது இருவராயிருங்கள். வாசலில் பணம் எண்ணாதீர்கள். பாங்கிக்குத் தினமும் ஒரே நேரத்தில், ஒரே வழியில் போகாதீர்கள். கத்தி கழுத்துக்கு வந்தபின் பணப்பையைக் கொடுத்துவிடுவது கோழைத்தனமன்று. போன வெள்ளியை அடுத்த பெருநாள் வியாபாரத்தில் ஈட்டலாம். போன உயிரை எந்தச் சந்தையில் வாங்குவது?

இன்றிரவு கடை அடைத்ததும் உங்கள் சிப்பந்திகளை உட்காரவைத்து இம்மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

முதல் அடி ஏன் உரிமையாயிற்று?
பின் அடிகள் ஏன் குற்றமாயின?
கம்பியைக் கீழே வைத்ததும் கை முதலில் எதை எடுக்க வேண்டும்?

மூன்றாவதற்கு “டெலிபோன்” என்று பதில் வந்தால், பாடம் நன்கு பதிந்துவிட்டது என்று கொள்ளலாம்.