அனுப்பிவைத்த பிறகு

கூரம்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

அன்புள்ள கயல்விழிக்கு,

பெரியம்மா எழுதுவது. உன் கடிதம் வந்தது. ஹவுஸ் சர்ஜன் பயிற்சி முடிந்ததும் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் மனம் நிறைந்தது. அதற்கு அடுத்த வரியில், "தாலுகா ஆஸ்பத்திரியில் போட்டுவிட்டால் ஆராய்ச்சி செய்ய அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்த நீண்ட பதில். நர்ஸ் வேலையில் என் காலமெல்லாம் அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிகளில்தான் போனது. ஆராய வேண்டியது அங்கே குவிந்து கிடக்கிறது. எடுத்து எழுதத்தான் ஆள் இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருப்பது எதெல்லாம் இங்கே இல்லை என்று கணக்குப் பார்த்துத்தான் சின்ன ஆஸ்பத்திரியை எடை போடுகிறார்கள். ஆனால் இங்கே நடக்கிற வேலையே வேறு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருபவர், வரப்பில் பாம்பு கடித்து வருபவர், மூச்சு வாங்கும் குழந்தை என்று எல்லோரும் ஒரே வாசலில் வந்து இறங்குவார்கள். இருப்பது ஒரு டாக்டர், ஒன்றிரண்டு நர்ஸ். இங்கேயே என்ன கொடுப்பது, எப்போது அனுப்புவது, எங்கே அனுப்புவது என்பதைச் சில நிமிடங்களில் முடிவு செய்தாக வேண்டும். இங்கிலாந்திலும் இதே கவலை உண்டு. அங்குள்ள நஃபீல்ட் டிரஸ்ட் 2018இல் சிறிய மருத்துவமனைகளின் அவசர சிகிச்சையைப் பற்றி மட்டுமே தனி அறிக்கை வெளியிட்டது.

மாரடைப்பை எடுத்துக்கொள். இதயத் தசைக்குப் போகும் ரத்தக் குழாயை உறைந்த ரத்தக் கட்டி அடைத்த நிமிடத்திலிருந்து தசை செத்துக்கொண்டே போகிறது. 1986இல் வெளியான இத்தாலியின் ஜிஸ்ஸி ஆய்வை நீ படித்திருப்பாய். 176 இதய சிகிச்சைப் பிரிவுகள், 11,806 நோயாளிகள். ஒரு சாராருக்குக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் 15 லட்சம் யூனிட், மற்றவர்களுக்கு அன்றைய வழக்கமான சிகிச்சை. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 13 சதவீதம் பேர் இறந்தார்கள், மருந்து ஏறியவர்களில் 10.7 சதவீதம். வலி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏறியவர்களில் இறப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது. ஆஞ்சியோ அறை இல்லாத இடத்திலும் ஏற்றக்கூடிய மருந்து அது. உத்திரமேரூரில் வலி வந்தவருக்கு அந்த முதல் மணி நேரம் காஞ்சிபுரத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போகும் பாதையிலேயே கரைந்துவிடும். மருந்து அவர் இருக்கும் பக்கம் வந்தாக வேண்டும்.

இதை நம் தமிழ்நாட்டிலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள். கோயம்புத்தூர் டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முல்லசாரியும் மற்றவர்களும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. ஆஞ்சியோ வசதியுள்ள ஒரு பெரிய ஆஸ்பத்திரி நடுவில், அதைச் சுற்றி ஆரம்ப சுகாதார நிலையங்களும் சிறிய ஆஸ்பத்திரிகளும், இடையில் ஓட ஆம்புலன்ஸ். இப்படி நான்கு தொகுப்புகள். சின்ன இடத்தில் இ.சி.ஜி. எடுத்து, கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்து, பிறகு நடுவிலுள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்ப்பது என்பது ஏற்பாடு. 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைத் தொடர்ந்தார்கள். 898 பேர் இந்த ஏற்பாட்டுக்கு முன்பு வந்தவர்கள், 1,522 பேர் பின்பு வந்தவர்கள். முடிவு 2017இல் 'ஜாமா கார்டியாலஜி'யில் வந்தது.

அந்த முடிவை நிதானமாகப் பார். ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே இறந்தவர்கள் முன்பு 5.8 சதவீதம், பின்பு 5.6 சதவீதம். வித்தியாசம் என்று சொல்ல ஒன்றுமில்லை. அடைப்பைத் திறக்க ஆன நேரமும் பெரிதாக மாறவில்லை. ஆஞ்சியோ பார்க்கப்பட்டவர்கள் மட்டும் 35 சதவீதத்திலிருந்து 60.8 ஆக உயர்ந்தார்கள். ஒரு வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது இறப்பு 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்திருந்தது. டிஸ்சார்ஜ் ஆன அன்றோடு கணக்கை மூடியிருந்தால், இத்தனை பேர் பாடுபட்டும் பலனில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். வீட்டுக்குப் போனவர் அடுத்த ஆடியில் உயிரோடு இருக்கிறாரா என்று ஒருவர் விசாரித்ததால்தான் உண்மை தெரிந்தது.

கயல், நான் சொல்ல வந்தது இதுதான். சின்ன ஆஸ்பத்திரியில் 'ரெஃபர்' என்று எழுதி 108இல் ஏற்றி அனுப்பியதும் நம் ரெஜிஸ்டரில் அந்த வரி முடிந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்தாரா, வழியில் என்ன ஆனது, நாம் கொடுத்த மருந்து சரியா, இன்னும் அரை மணி முன்னால் அனுப்பியிருக்க வேண்டுமா, எதுவும் நம்மிடம் திரும்பி வருவதில்லை. நைட் டியூட்டியில் ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டு வந்து அடுத்த கேஸைப் பார்ப்போம். அவர் பெயர்கூட இரண்டு நாளில் மறந்துபோகும். அனுப்பியவர்களின் கதை தெரியாமல் அனுப்பும் வேலையில் ஒருவர் எப்படித் தேறுவது? பிரசவத்தில் மட்டும் தமிழ்நாடு இதைச் செய்து காட்டியிருக்கிறது. ஒரு தாய் இறந்தால் அவர் முதலில் போன இடத்திலிருந்து கடைசி இடம் வரை தேடி ஆய்வு செய்கிறார்கள். நெஞ்சு வலிக்கும் பாம்புக்கடிக்கும் அப்படி ஏன் இருக்கக் கூடாது என்று எனக்கு நெடுநாளாகக் கேள்வி.

பாம்புக்கடியைப் பற்றிச் சொல்லாமல் நம் பக்கத்து ஆஸ்பத்திரியைப் பற்றிப் பேச முடியாது. ஏரியும் நெல் வயலும் உள்ள ஊர்கள். விரியன் விஷம் ரத்தத்தில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க லேப் எதுவும் தேவையில்லை. சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷ முறிவு மருந்து ஏற்ற வேண்டும். குழாய் கண்ணாடியாக இருப்பது முக்கியம். பிளாஸ்டிக் குழாயில் நல்ல ரத்தமும் சரியாக உறையாது. சோப்புத் தூள் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றிவிடும். கட்டுவிரியனுக்கும் நல்ல பாம்புக்கும் இந்தச் சோதனை உதவாது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வந்து, இமை தானாகத் தொங்கினால், கடித்த தடமே இல்லாவிட்டாலும் கட்டுவிரியனை நினை. அவருக்கு மூச்சு நிற்கலாம். மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்திக்கொண்டே கூடப் போக ஆள் வேண்டும்.

விஷ முறிவு மருந்துக்கு வேண்டிய விஷம் கணிசமாக நம் கடற்கரையிலிருந்துதான் போகிறது. வடநெம்மேலியில் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுப்பது. அந்த மருந்தே சிலருக்கு ஒவ்வாமல் ரத்த அழுத்தத்தை விழ வைக்கும். அதைத் தடுக்க மூன்று மருந்துகளை முன்கூட்டியே போடும் பழக்கம் பல இடங்களில் இருந்தது. இலங்கையில் இரண்டாம் நிலை மருத்துவமனைகளில் 1,007 பேரிடம் இதைச் சோதித்து 2011இல் வெளியிட்டார்கள். குறைந்த அளவு அட்ரினலின் முன்கூட்டிப் போட்டவர்களுக்கு முதல் ஒரு மணி நேரத்தில் கடுமையான ஒவ்வாமை 43 சதவீதம் குறைந்தது. ஹைட்ரோகார்ட்டிசோனும் புரோமெத்தசினும் பயன் தரவில்லை. கை பழகிப்போன இரண்டு ஊசிகள் வீண் என்று தெரிந்தது, பாம்புக்கடி வந்து சேரும் ஆஸ்பத்திரிகளில் செய்த ஆய்வினால்தான்.

ஆஸ்பத்திரியை நடத்துவதைப் பற்றியும் கேட்டிருந்தாய். நம் ஊரிலிருந்து அதிக தூரமில்லை, பாலாற்றங்கரைத் திருமுக்கூடல். அங்குள்ள பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்து, பதினோராம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றியது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள், நாவிதர் என்று பணியாளர்களும், மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் என்று ஊதியமும், வருடத்துக்கு வைத்திருக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் அதில் உண்டு. இரவெல்லாம் எரியும் விளக்குக்கு எண்ணெய்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். யார், எது, எவ்வளவு என்று முன்கூட்டி எழுதியிருப்பதைப் பார்த்தால் அதை எழுதியவர் மேல் எனக்கு மரியாதை கூடும். இன்றைக்கும் அவசர சிகிச்சை தடுமாறுவது சின்னச் சாமான்களில்தான். லாரிங்கோஸ்கோப்பில் பேட்டரி, ஆக்சிஜன் சிலிண்டரைத் திறக்கும் சாவி, இ.சி.ஜி. மெஷினில் பேப்பர் ரோல். டியூட்டி மாறும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் இம்மூன்றையும் கையால் தொட்டுப் பார்.

இப்போது உன் ஆராய்ச்சி. 2023இல் நம் அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே 14 மாத்திரை கொடுக்கிறார்கள். ஆஸ்பிரின் 150 மில்லிகிராம் இரண்டு, குளோபிடோக்ரெல் 75 நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் 10 எட்டு. விழுங்கிய பிறகு எத்தனை பேர் உண்மையில் மேல் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்? வலி தணிந்ததென்று எத்தனை பேர் வீட்டுக்குத் திரும்பினார்கள்? உன் பகுதிக்கு இந்தக் கேள்வி ஒன்றே போதும்.

நான்கு கடிகார நேரங்களை எழுது: வலி தொடங்கியது, வாசலில் வந்தது, இ.சி.ஜி. எடுத்தது, வண்டி கிளம்பியது. முப்பதாம் நாள் போன் செய்து, எப்படி இருக்கிறார் என்று ஐந்தாவது வரியை எழுது. சராசரியோடு நிறுத்தாமல் மிகவும் தாமதமானவர்களைத் தனியே எடுத்துப் பார். ஞாயிற்றுக்கிழமையா, நள்ளிரவா, வண்டி வேறு கேஸுக்குப் போயிருந்ததா என்று காரணம் அங்கேதான் கிடைக்கும். சோதனைக்கு முன்பே இறந்தவரையும் சொல்லாமல் எழுந்து போனவரையும் கணக்கிலிருந்து விடாதே. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மாதத்துக்குச் சிலரே வருவார்கள், அந்த எண்ணிக்கையை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஆகவே உத்திரமேரூர், வாலாஜாபாத், மதுராந்தகம் என்று நான்கைந்து இடங்களில் ஒரே படிவத்தை வைக்கப் பார். மருத்துவக் கல்லூரியின் நெறிமுறைக் குழுவிடம் முதலிலேயே அனுமதி வாங்கு. பெயரும் போன் நம்பரும் வேறு நோட்டில் பூட்டி இருக்கட்டும். போன் செய்வதற்கான சம்மதத்தை அவர் வண்டியில் ஏறுவதற்கு முன் கேட்பதா, துணைக்கு வந்தவரிடம் கேட்பதா என்பதை இப்போதே யோசித்து வை. நெஞ்சு வலியில் துடிப்பவரிடம் கையெழுத்து கேட்க எனக்கு மனம் வராது.

படிவத்தை ஒரே பக்கத்தில் எழுதி அனுப்பு. நைட் டியூட்டி நர்ஸ் நின்றபடியே நிரப்ப முடியுமா என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பெரியம்மா